படத்தின் முதுகு

பிளாரன்ஸ் நகரத்து ஓவியர்கள் 14ஆம் நூற்றாண்டில் எந்தத் தொழிற்குழுவில் உறுப்பினராக இருந்தார்கள் என்று தெரிந்தால் சென்ற இதழின் கட்டுரையாளர் அதிர்ந்துபோவார். மருத்துவர்களும் மருந்துச் சரக்கு விற்பவர்களும் சேர்ந்து வைத்திருந்த குழுவில்தான். வண்ணப்பொடி வாங்க மருந்துக்கடைக்குத்தான் போக வேண்டும். அதனால் வந்த உறவு என்பார்கள். ஆக, ஓவியன் டாக்டர்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து அறுநூறு ஆண்டுக்கு மேலாகிறது. ஓவியனுக்கு எதற்கு டாக்டர் பட்டம் என்று எட்டுப் பக்கத்துக்குத் தலையில் அடித்துக்கொண்டவர், வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிவிட்டு அடித்துக்கொண்டிருக்கலாம்.

அவர் சொன்னதை அவருக்கு அநியாயம் செய்யாமல் சுருக்கிச் சொல்கிறேன். பெருங்கலைஞர் யாரும் ஆய்வு செய்ததில்லை, படைத்தார்கள், அவ்வளவுதான். படைப்பு தானே பேசும். அதைப் பற்றிப் படைத்தவனே எழுத உட்கார்ந்தால் அது செத்துப்போகும். கலைச் செயல்பாட்டை ஆய்வாக ஏற்று முனைவர் பட்டம் தரும் வழக்கம், பிரிட்டனின் கல்லூரிகள் அரசாங்கப் பணத்துக்காகக் கட்டிய வேடம். நம் ஊரில் அது வேலைக்கான டிக்கெட். எனவே இழுத்து மூடுங்கள். இந்த நான்கு கால்களில்தான் அவருடைய நாற்காலி நிற்கிறது. கடைசிக் காலில் கொஞ்சம் பலம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். மற்ற மூன்றும் கறையான் அரித்தவை.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினான் என்று கேட்கிறார். மேடையில் கேட்டால் கைதட்டல் விழும். ஆனால் அந்தக் கோயில் கல்வெட்டிலேயே கட்டியவர் பெயர் இருக்கிறது: குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். பெருந்தச்சன் என்பதே ஒரு பட்டம். அதற்கு முன்னால் அரசனின் பெயரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பட்டமே கூடாது என்பவர் தேடிப்பிடித்த சாட்சி, பட்டத்தைக் கல்லில் வெட்டி வைத்தவர்! சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் அவர் பெயரையாவது விசாரித்திருக்க வேண்டாமா?

சரி, பெயரை விடுவோம். சுவாமிமலைக்குப் போய் ஒரு ஸ்தபதி பட்டறையில் உட்கார்ந்து பார்க்கட்டும். மெழுகில் கை வைப்பதற்கு முன் தென்னை ஓலையைக் கிழித்து, படிமத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு பிரிக்கிறார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். முகம் எத்தனை பங்கு, கழுத்து எத்தனை, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை எத்தனை என்பதெல்லாம் அந்த மடிப்பில் இருக்கிறது. நவதாளம், உத்தம தசதாளம் என்று எந்தத் தெய்வத்துக்கு எந்த அளவு என்ற கணக்கு உண்டு. இந்தக் கை ஏன் இவ்வளவு நீளம் என்று நீங்கள் கேட்டால் அவரிடம் விடை இருக்கிறது. அந்த விடையைத் தன் மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்க வழியும் இருக்கிறது. மாணவன் அதை மீறினால் எதை மீறினான் என்றும் சொல்ல முடிகிறது. ஆய்வு என்றால் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்று நினைப்பவருக்கு, விடை சொல்லும் இந்தக் கடமை நம் பட்டறைகளில் எத்தனை நூற்றாண்டாகக் குந்தியிருக்கிறது என்பது தெரியவில்லை.

நவீன ஓவியன் தாளமானம் என்ற இந்த அளவுக்கணக்கைத் தூக்கி எறிந்தான். அதில் எனக்கு வருத்தமில்லை, நானும் எறிந்தவன்தான். பழைய துணிமூட்டையைச் சுவரோரம் குவித்து அதைப் படைப்பு என்கிறோம். காலி அறையில் ஒலிப்பெருக்கி வைத்து அதையும் படைப்பு என்கிறோம். சொல்லலாம். ஆனால் அளவோலையை எறிந்தவன், ஏன் இப்படிச் செய்தாய் என்ற கேள்வியையும் சேர்த்து எறிந்துவிட முடியாது. பொது அளவுகோல் இருந்த காலத்தில் அந்த அளவுகோல் அவனுக்காகப் பேசியது. இன்று அவனே பேசியாக வேண்டும். சமகாலக் கலையில் முனைவர் ஆய்வு என்பது இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. தஞ்சைச் சிற்பியைக் காட்டி இதை மறுப்பது, தாத்தா ஜாதகம் பார்த்துத்தான் கல்யாணம் செய்தார் என்று சொல்லிப் பேரனின் பதிவுத் திருமணச் சான்றிதழைக் கிழிப்பதுபோல.

அடுத்து பிகாசோ. அவரை இழுக்காமல் இந்த வாதம் முடியாது என்று எனக்குத் தெரியும். தான் தேடுவதில்லை, கண்டடைகிறேன் என்ற பொருளில் பிகாசோ சொன்னது உண்மை. 1923இல் தன்னைப் பேட்டி கண்ட மாரியுஸ் டி சாயாஸிடம் சொன்னார். ஆய்வு என்ற சொல்லுக்கு ஓவிய உலகில் தரப்படும் முக்கியத்துவம் தனக்கு விளங்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். கட்டுரையாளர் இதை வெற்றிக்கொடியாக நட்டுவிட்டுப் போய்விட்டார். அதே பிகாசோ 20 ஆண்டு கழித்து, 1943இல், புகைப்படக் கலைஞர் பிராஸாயிடம் என்ன சொன்னார்? தன் படங்கள் அனைத்திலும் தேதி போடுவது ஏன் என்று தானே கேட்டுக்கொண்டு, ஒரு படைப்பை அறிய அதை மட்டும் பார்த்தால் போதாது, எப்போது, ஏன், எப்படி, எந்தச் சூழலில் செய்தான் என்பதும் தெரிய வேண்டும் என்றார். படைக்கும் மனிதனைப் படிக்கும் ஓர் அறிவியல் பிற்காலத்தில் வரக்கூடும், அதற்கு முழுமையான ஆவணத்தை விட்டுப்போக வேண்டும் என்பது அவர் எண்ணம். தேடுவதில்லை என்று சொன்ன இந்த மனிதர் 1907இல் ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ என்ற ஒற்றைப் படத்துக்காகப் போட்ட முன்வரைவுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தேடாமல் கண்டடைந்தவர் இத்தனை காகிதத்தை எதற்குச் செலவழித்தார்? கலைஞன் பேட்டியில் சொல்வதை நம்பாதீர்கள். அவன் அலமாரியைத் திறந்து பாருங்கள்.

அலமாரி என்றதும் இன்னும் இருவர் நினைவுக்கு வருகிறார்கள். 1821, 1822 ஆண்டுகளில் ஜான் கான்ஸ்டபிள் லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை வரைந்தார். அந்தச் சிறிய படங்கள் பலவற்றின் பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது, பிறகு மழை வந்ததா என்ற குறிப்புகள் இருக்கின்றன. 1836இல் ராயல் இன்ஸ்டிடியூஷனில், அறிவியல் அறிஞர்கள் பேசும் அதே மேடையில் நின்று, ஓவியம் ஓர் அறிவியல், படங்கள் அதன் சோதனைகள் என்ற பொருளில் பேசினார். இன்னொருவர் ஜோசப் ஆல்பர்ஸ். 1950இல் தொடங்கி 1976இல் சாகும்வரை சதுரத்துக்குள் சதுரமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும் எந்தக் கம்பெனியின் எந்த வண்ணம் என்று பொடி எழுத்தில் எழுதிவைத்தார். அவர் 1963இல் வெளியிட்ட வண்ணங்களின் ஊடாட்டம் பற்றிய நூல் இன்றும் கலைக்கல்லூரிகளில் பாடம்.

கான்ஸ்டபிளுக்கும் ஆல்பர்ஸுக்கும் முனைவர் பட்டம் இல்லை என்று கட்டுரையாளர் துள்ளிக் குதிக்கலாம். குதிக்கட்டும். இவர்களைச் சொன்னது பட்டத்துக்கு விளம்பரம் செய்ய அன்று. ஒரு படத்துக்கு முகம் இருப்பதுபோல முதுகும் உண்டு என்று காட்டத்தான். முகம் பார்ப்பவருக்கு. முதுகு, அடுத்துச் செய்பவருக்கு. ஆல்பர்ஸின் மஞ்சள் ஏன் அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் பச்சையாகத் தெரிகிறது என்று ஓர் இளம் ஓவியன் கேட்டால், முகத்தைப் பார்த்து வியந்துவிட்டு நகர வேண்டியதில்லை; திருப்பிப் பார்த்து அந்த வண்ணத்தையே எடுத்துத் தானும் செய்து பார்க்கலாம், ஆல்பர்ஸ் சொன்னது தவறு என்றுகூட நிரூபிக்கலாம். சமகாலக் கலையில் முனைவர் ஆய்வு கேட்பது இந்த முதுகைத்தான். கண்காட்சி வை, அதோடு, என்ன கேள்வியோடு தொடங்கினாய், எவையெல்லாம் தோற்றன, உனக்கு முன் யார் இதைச் செய்தார்கள், நீ எங்கே விலகினாய் என்று எழுது, பிறகு புறத்தேர்வாளர்கள் முன் உட்கார்ந்து பதில் சொல். உன் படம் நல்ல படம் என்று எந்தப் பல்கலைக்கழகமும் முத்திரை குத்துவதில்லை, குத்தவும் முடியாது. மோசமான ஓவியர் நல்ல ஆய்வு செய்யலாம். மகத்தான ஓவியர் வைவாவில் தோற்கலாம். கட்டுரையாளர் எட்டுப் பக்கத்திலும் குழப்பிக்கொண்டது இந்த ஒரே இடத்தில்தான்: அவர் பட்டத்தைப் படைப்பின் தரச்சான்று என்று நினைத்துக்கொண்டு, தரச்சான்றை எதிர்த்துப் போராடுகிறார். எதிரில் யாருமே இல்லாத களத்தில் வாள் சுழற்றியிருக்கிறார்.

படைத்தவனே எழுதினால் படைப்பு செத்துவிடும் என்ற வாதத்துக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. அவர் பெருமூச்சோடு நினைவுகூரும் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரையே எடுத்துக்கொள்வோம். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் 1961 முதல் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற இதழை நடத்தியது. ஓவியர்கள் ஓவியத்தைப் பற்றி எழுதவும் சண்டை போடவும் நடத்தப்பட்ட இதழ். அது வெளிவந்துகொண்டிருந்த காலத்தில்தான் பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கினார். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. எழுத்து கொல்லும் என்றால் சோழமண்டலத்தில் ஒரு தூரிகைகூட உயிரோடு மிஞ்சியிருக்கக் கூடாது. எழுதியதால் கெட்ட ஓவியர் எவரையும் நான் பார்த்ததில்லை. எழுதப் பயந்ததால் பத்து ஆண்டுகள் ஒரே படத்தை வரைந்துகொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சென்னையில் எந்தக் கண்காட்சித் திறப்புக்குப் போனாலும் நீங்களும் பார்க்கலாம்.

பணத்துக்காகக் கட்டிய வேடம் என்ற மூன்றாவது வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை வைத்துத்தான் முழுப் பொய்யை நிறுத்த முடியும். 1992இல் பிரிட்டனின் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்கள் ஆயின. அவற்றுக்குள் இருந்த கலைப்பள்ளிகளும் அரசின் ஆராய்ச்சி மதிப்பீட்டுக்குள் வந்தன. மதிப்பீட்டைப் பொறுத்துப் பணம். எனவே கலைத்துறைகள் தாங்கள் செய்வதை ஆராய்ச்சி என்று காட்ட அவசரப்பட்டன. இதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் இங்கிருந்து கட்டுரையாளர் ஒரே தாவலில், ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டின் கிறிஸ்டோஃபர் ஃபிரேலிங் 1993இல் எழுதிய சிறு கட்டுரைதான் இந்த மோசடிக்கு அனுமதிச் சீட்டு என்று முடிவுகட்டுகிறார். அந்தக் கட்டுரையை அவர் படித்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். ஃபிரேலிங் ஆய்வை மூன்றாகப் பிரித்தார்: கலையைப் பற்றிய ஆய்வு, கலை வழியாகச் செய்யும் ஆய்வு, கலைக்கான ஆய்வு. மூன்றாவதில், சிந்தனை முழுவதும் படைப்புக்குள்ளேயே அடங்கியிருக்கும், படைப்பு தானே பேசுகிறது என்று சொல்லப்படும். அங்கேதான் அவர் தயங்கி நின்றார். பெரிய சாதனையாளர்களுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தருகிறோமே தவிர, படைப்பு தானே பேசும் என்பதை மட்டும் நம்பி ஆய்வுப் பட்டம் எதையும் தங்கள் கல்லூரி தருவதில்லை என்று தெளிவாகவே எழுதினார். அதாவது, படைப்பு தானே பேசும் என்று நம்புகிறவர் ஃபிரேலிங் அல்லர். அவரைத் திட்டும் நம் கட்டுரையாளர்தான். யாரை மோசடிக்காரர் என்றாரோ அவர், இவருடைய நம்பிக்கைக்குப் பட்டம் தர மறுத்தவர்.

காலக்கணக்கும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. டோக்கியோ கலைப் பல்கலைக்கழகம் முனைவர் படிப்பைத் தொடங்கியது 1977இல். பிரிட்டனின் பாலிடெக்னிக்குகள் பெயர்ப்பலகை மாற்றுவதற்கு 15 ஆண்டு முன்னால். அதே 1977இல்தான் அமெரிக்காவின் காலேஜ் ஆர்ட் அசோசியேஷன், ஓவியனுக்கு எம்.எஃப்.ஏ. என்ற முதுகலைப் பட்டமே இறுதிப் பட்டம் என்று அறிவித்தது. கட்டுரையாளர் இரண்டாவதை மட்டும் சொல்லிவிட்டு முதலாவதை விழுங்கிவிட்டார். விழுங்கியதற்குக் காரணம் இருக்கிறது. டோக்கியோவில் ஜப்பானிய மரபு ஓவியத்தில் 1993இல் முனைவர் பட்டம் வாங்கியவர் தகாஷி முரகாமி. எடோ காலத்து ஓவியர்களின் தட்டைப் பரப்பையும் இன்றைய கார்ட்டூன் படங்களின் தட்டைப் பரப்பையும் ஒரே கோட்டில் நிறுத்தி, 2000இல் ‘சூப்பர்ஃபிளாட்’ என்று பெயர் சூட்டிக் கண்காட்சியாகவும் கோட்பாடாகவும் முன்வைத்தவர். முரகாமியை எனக்குப் பிடிக்காது. சிரிக்கும் பூக்கள் அலுத்துவிட்டன. ஆனால் முனைவர் ஆய்வு படைப்பாளியை மலடாக்கிவிடும் என்பவர், உலகச் சந்தையில் இவ்வளவு சத்தமாகக் காய்த்துக்கொண்டிருக்கும் இந்த மரத்தை எப்படிப் பார்க்காமல் போனார்?

பணத்தோடும் நிர்வாகத்தோடும் பிறந்தது எல்லாம் போலி என்றால், கலைக் கல்வியில் எதுவும் மிஞ்சாது. 1563இல் ஓவியர் வசாரியின் முயற்சியில், கோசிமோ டி மெடிச்சியின் ஆதரவோடு பிளாரன்ஸில் ஓவியர்களுக்கு அகாதெமி அமைந்தது. 1571இல் அதன் உறுப்பினர்கள் அந்தப் பழைய தொழிற்குழுவின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். அந்தஸ்து வேண்டும், கட்டுப்பாடு வேண்டாம் என்ற ஓவியர்களின் ஆசையும், கலைஞர்களைத் தன் குடைக்குள் வைத்துக்கொள்ளும் ஆட்சியாளரின் கணக்கும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. நம் சென்னைக் கலைக்கல்லூரியை 1850இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர், கம்பெனியின் சேவையில் இருந்த மருத்துவர். இங்கேயும் ஒரு டாக்டர்! கம்பெனி ஆட்சியில் பிறந்த பள்ளி என்பதற்காக, அங்கே பயின்ற தனபாலின் சிற்பங்களைக் காலனியச் சரக்கு என்று ஒதுக்கிவிடுவோமா?

இந்த ஆய்வுகளால் யாருக்கு என்ன தெரியவந்தது என்று கட்டுரையாளர் கடைசியில் கேட்கிறார். நியாயமான கேள்வி, கேட்டவர் பதிலைத் தேடவில்லை என்பதுதான் குறை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் 2017இல் முனைவர் பட்டம் பெற்ற கலைஞர் லாரன்ஸ் அபு ஹம்தான். அவருடைய ஊடகம் ஒலி. 2014 மே மாதம், ஆக்கிரமிக்கப்பட்ட மேற்குக் கரையில் பெய்துனியா என்ற ஊரில் இரண்டு பதின்வயதுச் சிறுவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ரப்பர் உறையிட்ட குண்டுகளைத்தான் பயன்படுத்தினோம் என்றது இஸ்ரேல் தரப்பு. பதிவாகியிருந்த துப்பாக்கி ஓசையை அலைவரிசைப் படமாக மாற்றி, ரப்பர் குண்டின் ஓசையோடும் நிஜக் குண்டின் ஓசையோடும் ஒப்பிட்டு, ரப்பர் குண்டு சுடும் கருவியின் வழியே நிஜக் குண்டு சுடப்பட்டது என்று காட்டியதில் அவருக்குப் பங்கு உண்டு. அந்த ஒலிப்படங்களே 2016இல் ‘ரப்பர் கோட்டட் ஸ்டீல்’ என்ற காணொளிப் படைப்பாயின. ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் குறிப்பலகைகள் தொங்க வேண்டிய இடத்தில் ஒலியின் படங்கள் தொங்குகின்றன. விசாரணை, எழுத்தாக மட்டும் திரையில் ஓடுகிறது.

அதே ஆண்டு, சிரியாவின் சைத்னாயா சிறையிலிருந்து வெளிவந்தவர்களிடம், ஆம்னஸ்டி இன்டர்நேஷனலும் கோல்ட்ஸ்மித்ஸின் ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சர் குழுவும் நடத்திய விசாரணையிலும் அவர் இருந்தார். அந்தக் கைதிகள் கண் கட்டப்பட்டும் இருட்டிலும் வைக்கப்பட்டவர்கள்; சிறையை அவர்கள் காதால் மட்டுமே அறிந்திருந்தார்கள். பேசினால் தண்டனை. எவ்வளவு மெல்லக் கிசுகிசுத்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர்கள் நினைவில் இருந்த ஒலியளவோடு பொருத்திப் பார்த்தார். 2011 எழுச்சிக்கு முன் சிறையில் இருந்தவர்களின் கிசுகிசுப்புக்கும் பிறகு இருந்தவர்களின் கிசுகிசுப்புக்கும் 19 டெசிபல் வித்தியாசம். சிறை எவ்வளவு கொடிய கொலைக்களமாக மாறியது என்பதை அந்த 19 டெசிபல் சொல்கிறது. கேமரா நுழையாத இடத்தில், கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கலைஞனின் காது நுழைந்தது. இதை வரலாற்று ஆய்வாளர் செய்திருக்க மாட்டார். ஒலிப் பொறியாளருக்கு இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது. கலை வழியாக வந்த அறிவு என்பது இதுதான். 2019 டர்னர் பரிசை இவர் மற்ற மூவரோடு பகிர்ந்துகொண்டார் என்பதை நான் வாதமாக வைக்கவில்லை. பரிசு போகட்டும். அந்த 19 டெசிபலுக்குக் கட்டுரையாளர் பதில் சொல்லட்டும்.

இப்போது நான்காவது கால். நம் ஊர் ஆய்வேடுகள். இங்கே அவரோடு எனக்குப் பாதிக்கு மேல் உடன்பாடு உண்டு. தெரிதா, தெல்யூஸ் என்று தத்துவவாதிகளின் பெயர்களைத் தாளிதம்போலத் தூவி, கீழே ஒன்றும் வேகாத ஆய்வேடுகளை நானும் படித்திருக்கிறேன். கலை ஆய்வில் புழங்கும் ‘புதிய அறிவு’ போன்ற சொற்களை அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் எல்கின்ஸ், 2009இல் தான் தொகுத்த நூலிலேயே தோலுரித்திருக்கிறார். ஆனால் அவர் கடையை மூடச் சொல்லவில்லை, வரப்போகும் பட்டத்தை ஒழுங்காக யோசித்து அமையுங்கள் என்றார். பட்டத்தை வேலையோடு முடிச்சுப் போட்டதில் வந்த கேடும் உண்மை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள், பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் ஆக முனைவர் பட்டம் 2021 ஜூலை முதல் கட்டாயம் என்றன. தேதி தள்ளிப்போனது, 2023இல் அந்தக் கட்டாயமே கைவிடப்பட்டது. நடுவில் எத்தனை பேர் அவசரமாகப் பதிவு செய்துகொண்டு ஓடினார்கள் என்பதைக் கலைக்கல்லூரி வராந்தாவில் நின்ற எவரும் அறிவார்கள்.

ஆனால் அதே 2018 விதிமுறைகளில் கட்டுரையாளர் கண்ணில் படாத ஒரு பகுதி உண்டு. கலைத்துறைகளுக்கென்று ஒரு பக்கவாசல்: குறிப்பிடத்தக்க சாதனை உள்ள தொழில்முறைக் கலைஞர் அந்த வழியாக ஆசிரியர் ஆகலாம். அந்த வாசலிலும் ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறது: தன் துறையின் தர்க்கத்தை விளக்கிச் சொல்லும் திறன் அவருக்கு இருக்க வேண்டும். முனைவர் பட்டம் இல்லாதவனிடமும் ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். எந்த வாசலில் நுழைந்தாலும் அந்தக் கேள்வி காவல் நிற்கிறது. அப்படியிருக்க, கோபப்பட வேண்டியது ஆய்வின் மேலா, ஆய்வைச் சம்பளச் சீட்டாக்கிய நிர்வாகத்தின் மேலா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறார் நம்மவர்.

நம் ஊர்க் கோளாறு அவர் சொல்வதற்கு நேர் எதிரானது என்பது என் அனுபவம். ஓவியனை ஆய்வு செய்ய வைத்ததல்ல, அவன் செய்ததையே ஆய்வாக ஏற்க மறுத்ததுதான் கோளாறு. நான் முனைவர் படிப்புக்குப் பதிவு செய்யப் போனபோது, என் கரிக்கோடுகளை வைத்தே ஆய்வு செய்ய விரும்புவதாகச் சொன்னேன். உங்கள் படத்தைப் பற்றி நீங்களே எழுதினால் அது ஆய்வா விளம்பரமா என்று கேட்டார்கள். வேறொரு மூத்த ஓவியரின் கோடுகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பட்டமும் வந்தது. ஐந்து ஆண்டுகள் என் கை சும்மா இருந்தது. கண்ணாடி முன் நின்றுகொண்டே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சவரம் செய்துவிட்டதுபோல ஒரு படிப்பு. இன்று கட்டுரையாளர் கேட்பதும் அன்று அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் கேட்டதும் ஒரே கேள்வி. அவர் தன்னைக் கலகக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் வாயில் இருப்பது அலுவலகக் கோப்பின் குரல்.

தன்னைப் பற்றி எழுதுவதெல்லாம் விளம்பரம் என்றால், விளம்பரத்தில் யாராவது தோல்வியைப் போடுவார்களா? செயல்வழி ஆய்வில் முதலில் கேட்கப்படுவது தோற்ற கதைதான். அதைச் சோதிக்கத்தான் வெளியாள் வந்து உட்காருகிறார்.

பட்டம் என்ற பேச்சையே விட்டுவிட்டு, கலைஞன் செய்யும் ஆய்வு எப்படியிருக்கும் என்று தமிழில் காட்டச் சொன்னால் யாழ்ப்பாணத்துக்குத்தான் போவேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் த. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ ஒரு கலைநூல். ஒல்லாந்தர் காலத்தில் காணி விவரம் எழுதிய பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். போரில் வீட்டைவிட்டுப் போனவர்களிடம், உங்கள் வீட்டை நினைவிலிருந்து வரைந்து காட்டுங்கள் என்று கேட்டார். அவர்கள் நடுங்கும் கோட்டில் அடுப்படி, கிணறு, மாமரம் என்று வரைந்தார்கள். அந்தக் கோடு ஒரு தாளில். அதையே கட்டடக் கலைஞரின் சுத்தமான வரைபடமாக்கியது இன்னொரு தாளில். சனாதனனின் சொந்தச் சித்திரம் மூன்றாவதில். ஓர் அலுவலகக் கோப்பின் வடிவத்தில் இப்படி 80 வீடுகள். நினைவு எங்கே கோணுகிறது, அளவெடுக்கும் கோடு எதைத் தவறவிடுகிறது, ஓவியன் எதைச் சேர்க்கிறான் என்று மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நாமே பார்க்கலாம். இதில் கலை எது, ஆய்வு எது என்று கோடு கிழித்துக் காட்டுங்கள் என்று கட்டுரையாளரை அழைக்கிறேன். கத்தரிக்கோலும் நானே தருகிறேன்.

முடிப்பதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற மாதம் ஒரு மாணவி என் வீட்டுக்கு வந்திருந்தாள். கூடத்தில் மாட்டியிருக்கும் என் பழைய படம் ஒன்றில் ஒரு நீலம் இருக்கிறது. 20 ஆண்டுகளாக வந்தவர்கள் எல்லாம் பாராட்டிய நீலம். இப்போது அதில் மெல்லிய வெடிப்புகள் ஓடுகின்றன. அடியில் என்ன பூச்சு கொடுத்தீர்கள் சார், நீலத்தில் எதைக் கலந்தீர்கள், ஏன் வெடிக்கிறது என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. படம் தானே பேசும் என்று நானும் நம்பியிருந்த காலத்தில் செய்தது. அவளே எழுந்துபோய்ப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, ஆணியில் கிழியாமல் பார்த்து, திருப்பிப் பிடித்தாள்.

பின்னால் சட்டக்கடைக்காரர் ஒட்டிய சீட்டு இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்தில், விலை.